பையா, பீரோவா, அடுப்பா? நமத்துப்போகும் ஐ.சி.க்களுக்கு எது காவல்

கத்திரி வெயிலில் ஈரம் பட்டுச் சரக்கு கெட்டது என்று சொன்னால் வேலூரில் யாரும் நம்ப மாட்டார்கள். நானும் நம்பவில்லை. காட்பாடியில் எங்களுடையது சிறிய பட்டறை. ஆழ்துளைக் கிணற்று மோட்டார்களுக்கான ஸ்டார்ட்டர் போர்டுகள் செய்கிறோம். ஒரு மே மாதத்தில் போர்டுகள் ரீஃப்ளோ அடுப்பின் (சாலிடரை உருக்கி உதிரிகளைப் போர்டில் ஒட்டும் அடுப்பு) உச்ச வெப்பப் பகுதியைக் கடக்கும்போது உள்ளிருந்து ‘டக்’ என்று ஒரு சத்தம் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. தாளிக்கும்போது கடுகு வெடிக்குமே, அதே சத்தம். வெளியே வந்த போர்டில், அதை இயக்கும் சில்லான கண்ட்ரோலர் ஐ.சி.யின் மேல்புறம் லேசாக உப்பியிருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை, நகத்தால் தடவியபோதுதான் மேடு தட்டுப்பட்டது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஓரத்தில் மயிரிழை போல ஒரு விரிசல்.

அந்த ஐ.சி. ட்ரே மூன்று வாரமாக அலமாரியின் மேல்தட்டில் திறந்தபடி கிடந்தது. வெயில் காலம்தானே, அப்பளம் காயும் காற்றில் ஐ.சி.க்கு என்ன ஆகிவிடும் என்ற தைரியம். ஆனால் அந்த மூன்று வாரமும் அதே அறையில் ஏர் கூலர் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீரை ஆவியாக்கி அறைக்குள் ஊதுவதுதான் கூலரின் வேலை. வெளியே எலும்பு வரை காயும் காற்று, உள்ளே கார்த்திகை மாதக் காற்று. ஈரமானி ஒன்று வாங்கி மாட்டியபோது 72 சதவீதம் காட்டியது. குற்றவாளி வானிலை அல்ல, நான்தான்.

அதற்குப் பிறகு எதை வாங்குவது, எதைத் தவிர்ப்பது என்று ஓராண்டுக்கு மேல் அலைந்தேன். எங்களைப் போன்ற சிறு பட்டறைகள், ரிப்பேர் கடைகள், கல்லூரி ஆய்வகங்கள் ஆகியவற்றுக்கு எது பொருந்தும் என்று அந்த அலைச்சலிலிருந்து எழுதுகிறேன்.

முதலில், ஏன் வெடிக்கிறது? பொரி வறுக்கும் இடத்தில் நின்று பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. கொதிக்கும் மணலில் அரிசி விழுந்ததும் உள்ளிருக்கும் ஈரம் ஒரே நொடியில் நீராவியாகி, வெளியேற வழியில்லாமல் அரிசியையே ஊதிவிடுகிறது. ஐ.சி.யின் கறுப்பு உடல் எப்பாக்ஸி பிளாஸ்டிக். பார்க்கக் கல் போல இருந்தாலும் அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். ஈயமில்லாத சாலிடர் 217 டிகிரியில்தான் உருகும். அடுப்பின் உச்சம் 245 டிகிரிக்குப் போகும். உள்ளே இருக்கும் ஈரம் அங்கே ஆவியாகிப் பிளாஸ்டிக்கையும் உள்ளிருக்கும் சிலிக்கானையும் பிரித்துத் தள்ளுகிறது. தொழிலில் இதற்குப் ‘பாப்கார்ன்’ என்றே பெயர். சத்தம் போட்டு வெடிப்பவை உண்மையில் நல்லவை, அன்றே பிடிபட்டுவிடும். சத்தமில்லாமல் உள்ளுக்குள் மட்டும் பிரிந்தவை சோதனை மேசையில் தேறி, அணைக்கட்டுப் பக்கம் ஒரு விவசாயியின் மோட்டார் கொட்டகைக்குப் போய், ஆறு மாதம் கழித்துக் கழுத்தறுக்கும்.

எந்த ஐ.சி. எவ்வளவு நேரம் தாங்கும் என்பதற்கு எம்.எஸ்.எல். (ஈர உணர்திறன் நிலை) என்ற தரவரிசை உண்டு. ஐ.சி. வரும் பையின் மேல் ஒட்டிய எச்சரிக்கைச் சீட்டில் இந்த எண் இருக்கும். நிலை 1 என்றால் கவலையே இல்லை. நிலை 2 ஓராண்டு. 2ஏ நான்கு வாரம். நிலை 3 என்றால் 168 மணி, அதாவது ஒரு வாரம். 4 என்றால் 72 மணி. 5 என்றால் 48. 5ஏ என்றால் 24. நிலை 6 வந்தால் ஒவ்வொரு முறையும் சூடேற்றி உலர்த்திய பிறகே பயன்படுத்த வேண்டும். பையைத் திறந்த நொடியிலிருந்து இந்தக் கடிகாரம் ஓடுகிறது. அதுவும் அறை 30 டிகிரிக்கும் 60 சதவீத ஈரப்பதத்துக்கும் உள்ளே இருந்தால் மட்டும் இந்தக் கணக்கு. கூலர் ஓடிய என் அறையில் ஒரு வாரம் என்பது ஒரு வாரமாகவே இருந்திருக்காது.

வேலூர்க் காற்றைப் பற்றி ஒரு கணக்கு. 40 டிகிரி மே மாத மதியத்தில் ஈரப்பதம் 25 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 13 கிராம் தண்ணீர் இருக்கும். அதே காற்றை, தண்ணீர் எதையும் எடுக்காமல், 24 டிகிரிக்குக் குளிர்வித்தால் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தொட்டுவிடும். காய்ந்த காற்று என்று நாம் நினைப்பது சூடான காற்று, அவ்வளவுதான். ஐப்பசி, கார்த்திகையில் 23 டிகிரி இரவில் 90 சதவீதம் என்றால் கன மீட்டருக்கு 18 கிராமுக்கு மேல். பாலாற்றில் தண்ணீர் வருவது அபூர்வம் என்று நாம் புலம்பினாலும், காற்றில் தண்ணீருக்குக் குறைவில்லை.

ஏ.சி. போட்டால் போதாதா என்று கேட்பார்கள். ஏ.சி. தன் குளிர்ந்த குழாய்களில் ஈரத்தை வடிக்கிறது, உண்மைதான். ஆனால் அறை குளிர்ந்ததும் கம்ப்ரசர் நின்றுவிடும். ஈரம் மறுபடி ஏறும். நல்ல ஏ.சி. அறை 50, 55 சதவீதத்தில் நிற்கும். கடிகாரம் நியாயமாக ஓடுவதற்கு அது உதவும், கடிகாரத்தை நிறுத்தாது. ஆகவே ஏ.சி.யை அறையின் அடிப்படை ஒழுங்காக வைத்துக்கொள்ளுங்கள், பாதுகாப்பாகக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இனி வழிகளுக்கு வருகிறேன். பெரும்பாலோர் கேட்கும் கேள்வி ‘எவ்வளவு சரக்கு வைத்திருக்கிறீர்கள்?’ என்பது. ஈரம் நீக்கும் பீரோ விற்பவர்களும் அதைத்தான் கேட்பார்கள். என் அனுபவத்தில் அது தவறான கேள்வி. கேட்க வேண்டியது, ஒரு நாளைக்கு எத்தனை முறை திறந்து மூடுகிறீர்கள் என்பது.

இதை நான் ஒரு பிளாஸ்டிக் டப்பாவிடம்தான் கற்றுக்கொண்டேன். அடுப்படிப் பொருட்கள் விற்கும் கடையில் ரப்பர் விளிம்பும் நான்கு பக்கப் பூட்டும் உள்ள 20 லிட்டர் டப்பா வாங்கி, 100 கிராம் சிலிக்கா ஜெல் போட்டு, ஐ.சி.க்கள் டேப்பில் சுற்றி வரும் ரீல்களை அடுக்கினேன். (எவர்சில்வர் தூக்கு, பிஸ்கட் டின் எல்லாம் முயன்று பார்த்தாயிற்று, மூடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் காற்று புகும்.) முதல் நாள் அபாரம். ஈரமானி 10 சதவீதத்தைத் தொட்டது. வார இறுதியில் 30 ஆகிவிட்டது. ஓட்டை எங்கே என்று விளிம்பெல்லாம் தடவிப் பார்த்தேன். ஓட்டை எங்கும் இல்லை. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அந்த 20 லிட்டர் காற்று முழுவதும் மாறுகிறது என்று வைத்தால், மழைக்காலத்தில் சுமார் 0.4 கிராம் தண்ணீர் உள்ளே போகிறது. சிலிக்கா ஜெல் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரம் குடிக்கும் என்று பொட்டலத்தில் போட்டிருப்பது ஈரம் மிகுந்த காற்றில். காற்றை 10 சதவீதத்தில் வைத்திருக்க வேண்டும் என்றால் அதனால் குடிக்க முடிவது ஏறக்குறைய 20இல் ஒரு பங்குதான். 100 கிராமுக்கு ஐந்து கிராம், ஆறு கிராம். பதினான்கு முறை திறந்தால் கணக்கு முடிந்தது. நாங்கள் ஒரு நாளைக்கு நான்கு முறை திறந்துகொண்டிருந்தோம்.

டப்பா கெட்ட யோசனை அல்ல. அரைக் கிலோ ஜெல் போட்டு, இரண்டு நாளைக்கு ஒருமுறை மட்டும் திறப்பவருக்கு அது போதும். கல்லூரித் திட்டப்பணி செய்யும் மாணவர்களுக்கும், மாதத்துக்கு ஐம்பது போர்டு செய்பவருக்கும் நான் இதையே சொல்வேன். ஆனால் இரண்டு எச்சரிக்கை. நீல நிற ஜெல் இளஞ்சிவப்பாக மாறும் வரை எல்லாம் சரி என்று நம்பாதீர்கள். அந்த நிறம் மாறத் தொடங்கும்போதே காற்று 10 சதவீதத்தைத் தாண்டி வெகுதூரம் போயிருக்கும். நிறத்தைவிட எடையை நம்பலாம்: உலர்த்திய ஜெல்லின் எடையைப் பொட்டலத்தின் மேல் மார்க்கரால் எழுதிவிட்டு, வாரம் ஒருமுறை தராசில் வைத்துப் பாருங்கள், 100க்கு ஐந்து கூடினால் மறுபடி உலர்த்தும் நேரம். 120 டிகிரியில் சில மணி நேரம் வைத்தால் போதும். சமையலுக்குப் பயன்படும் அடுப்பில் வேண்டாம். நீல நிறத்தைத் தருவது கோபால்ட் உப்பு, சாப்பாட்டுப் பக்கமே வரக்கூடாத பொருள். இரண்டாவது எச்சரிக்கை ஈரமானி பற்றியது. மலிவான டிஜிட்டல் கருவிகள் பல 10 சதவீதத்துக்குக் கீழே படிக்கவே படிக்காது, ஐந்து புள்ளி முன்பின் காட்டுவதும் சாதாரணம். சோதிக்கச் சுலபமான வழி: ஒரு பாட்டில் மூடியில் உப்பைச் சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, கருவியோடு சேர்த்து ஜிப் பையில் எட்டு மணி நேரம் மூடி வையுங்கள். 75 காட்ட வேண்டும். என்னுடையது 81 காட்டியது; அன்று முதல் ஆறு கழித்துப் படிக்கிறேன். கீழ் எண்களிலும் அதே ஆறுதானா என்றால் உறுதி கிடையாது. அதனால்தான் அட்டையையும் கூடவே வைக்கிறேன்.

அட்டை என்றது, பைக்குள் வரும் ஈரங்காட்டி அட்டை. 5, 10, 60 என்று மூன்று வட்டங்கள். நீலமாக இருந்தால் உலர்வு, இளஞ்சிவப்பானால் ஈரம். கோபால்ட் இல்லாத அட்டைகளில் நிறங்கள் வேறு, அட்டையிலேயே விளக்கம் இருக்கும். நிலை 2ஏ முதல் 5ஏ வரையிலான ஐ.சி.க்களுக்கு, 5 வட்டம் நிறம் மாறி, 10 வட்டமும் நீலமாக இல்லை என்றால் சூடேற்றாமல் பயன்படுத்தக் கூடாது. நிலை 2க்கு 60 வட்டம் வரை பொறுக்கலாம். பையைத் திறந்ததும் முதல் வேலை இந்த அட்டையைப் பார்ப்பதுதான். வெளியே எடுத்துப் பேசிக்கொண்டிருந்தால் அறைக் காற்றில் எல்லா அட்டையும் மாறிவிடும், பிறகு பையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

பைதான் என் முதல் விருப்பம். அலுமினியத் தாள் வைத்து ஒட்டிய ஈரத்தடைப் பை, உள்ளே உலர்த்திப் பொட்டலம், அட்டை, நான்கு பக்கமும் வெப்பத்தால் ஒட்டுதல். தொழிற்சாலை ஒட்டிய பை 40 டிகிரிக்கும் 90 சதவீதத்துக்கும் உள்ளே குறைந்தது 12 மாதம் தாங்கும் என்பது கணக்கு. டப்பாவோடு ஒப்பிடுங்கள்: ஒரு ரீல் வைத்துக் கையால் காற்றைப் பிதுக்கிய பையில் மிஞ்சுவது ஒரு லிட்டர் காற்றுகூட இல்லை. திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் உள்ளே போகும் தண்ணீர் 0.02 கிராம் அளவுதான். இருபது மடங்கு லாபம், ஒரு ரூபாய் மின்சாரம் இல்லாமல்.

ஆனால் பை என்ற பெயரில் கடைகளில் கிடைப்பது மூன்று சாதி. இளஞ்சிவப்பு பாலித்தீன் பை நிலைமின்சாரத்துக்கு ஓரளவு, ஈரத்துக்கு ஒன்றுமே இல்லை. வெள்ளி போலப் பளபளத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் உள்ளிருப்பது நிழலாகத் தெரியும் பை நிலைமின்சாரத்துக்குச் சிறந்த தடுப்பு. ஈரத்தை மட்டுப்படுத்துமே தவிர நிறுத்தாது. மூன்றாவது, எதிரே சூரியனே வந்தாலும் ஒளி புகாத, கசக்கினால் தாளைப் போல மடிந்து நிற்கும் பை. அதுதான் நமக்கு வேண்டியது. ஒருமுறை பெங்களூரிலிருந்து வந்த பார்சலில் நிலை 3 ஐ.சி.க்கள் இளஞ்சிவப்புப் பையில், வாயில் செல்லோ டேப் ஒட்டி வந்தன. கேட்டதற்கு, ‘பை போட்டுத்தானே அனுப்பினோம்’ என்றார்கள்.

ஒட்டும் கருவிக்கு நிறையச் செலவழிக்கத் தேவையில்லை. முழு வெற்றிடம் தேவை என்று நினைத்து நானும் சமையலறை வாக்யூம் சீலர் ஒன்று வாங்கினேன். அந்தக் கருவிகளுக்கு வரி வரியாகப் பதித்த பை வேண்டும். வழுவழுப்பான அலுமினியப் பையிலிருந்து அது காற்றை இழுக்கவே இல்லை. உண்மையில் முழு வெற்றிடம் நல்லதும் அல்ல. பை ட்ரேயின் முனைகளில் இறுகி ஓட்டை விழும். காற்றைக் கையால் மெல்லப் பிதுக்கிவிட்டு, அகலமான சாதாரண வெப்ப சீலரால் இரண்டு வரி ஒட்டினால் போதும். ஒட்டிய இடத்தை இழுத்துப் பாருங்கள். உரிந்தால் வெப்பம் போதவில்லை.

உலர்த்திப் பொட்டலத்திலும் சிக்கனம் வேண்டாம். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ பெட்டிக்குள் போடும் குட்டிப் பொட்டலங்கள் நம் ஊரில் மூட்டையாகக் கிடைக்கும். நண்பர் ஒருவர் அவற்றை இலவசமாகவே கொடுத்தார். ஒரு கிராம், இரண்டு கிராம் எடை. மூட்டை எப்போது திறந்தது என்று யாருக்கும் தெரியாது. நம் கைக்கு வரும்போதே வயிறு நிறையத் தண்ணீர் குடித்திருக்கும். தோலுக்குப் பூஞ்சை பிடிக்காமல் காப்பது வேறு வேலை. பைக்கென்று வரும் பொட்டலம் ‘யூனிட்’ கணக்கில் வரும். ஒரு யூனிட் 20 சதவீத ஈரப்பதத்தில் குறைந்தது 2.85 கிராம் நீராவியைக் குடிக்க வேண்டும் என்பது வரையறை. அறைக் காற்றில் அரை மணிக்கு மேல் கிடந்த பொட்டலத்தை மறுபடி போடாதீர்கள்.

பையின் குறை ஒன்றே ஒன்று: மனிதர்கள். ஒவ்வொரு முறையும் வெட்டி, எடுத்து, பிதுக்கி, ஒட்டி, நேரம் எழுத வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை என்றால் செய்வார்கள். பத்து முறை என்றால் ஆறாவது முறையிலிருந்து வாயை மடித்துக் கிளிப் போட்டு வைப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நானும் கிளிப் போட்டிருக்கிறேன். ஒவ்வொரு ஒட்டலுக்கும் பை ஒரு விரல் அகலம் குறையும் என்பதால் முதலிலேயே நீளமான பை வாங்குவது நல்லது.

பத்து முறை திறக்கும் இடத்தில்தான் பீரோவுக்கு அர்த்தம் வருகிறது. டிரை கேபினெட் என்று விற்பது இதைத்தான். உள்ளே ஜியோலைட் என்ற தாது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சில மணிக்கு ஒருமுறை இயந்திரமே அதைச் சூடாக்கி அந்த ஈரத்தை வெளியே தள்ளும். எலக்ட்ரானிக்ஸ் தொழில் அமைப்புகளான ஐ.பி.சி., ஜெடெக் இரண்டும் சேர்ந்து வெளியிடும் ஜே-எஸ்டிடி-033 விதிமுறை இதில் தெளிவாக ஒரு கோடு போடுகிறது. 5 சதவீதத்துக்குள் வைத்திருக்கும் பீரோ, ஈரத்தடைப் பைக்குச் சமம். எவ்வளவு காலமும் வைக்கலாம். 10 சதவீதத்துக்குள் என்றால் அது பைக்குச் சமமல்ல. அதற்கு நாள் கணக்கு உண்டு. விலைப்பட்டியலில் இந்த இரண்டும் ஒரே புகைப்படத்தோடு அடுத்தடுத்து இருக்கும், விலையில் மட்டும் பெரிய இடைவெளி. மலிவானதை வாங்கிவிட்டு விலை உயர்ந்ததன் விதியைப் பின்பற்றுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு பொறி, கேமரா பீரோ. லென்சில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கக் கல்யாண வீட்டுப் புகைப்படக்காரர்கள் வாங்கும் சிறு அலமாரி. அழகாக இருக்கும், கதவில் எண் ஒளிரும், விலையும் கைக்கு அடக்கம். ஆனால் அது நிற்பது 35, 45 சதவீதத்தில். லென்சுக்கு அதற்குமேல் காய்ந்தால் கெடுதல். ஐ.சி.க்கு அது வெறும் அலமாரி. அதற்குப் பணம் கொடுப்பதைவிட நான் சொன்ன 20 லிட்டர் டப்பாவே மேல்.

பீரோவின் உண்மையான பலம் சின்னச் சின்னத் தவறுகளை மன்னிப்பது. நிலை 2, 2ஏ, 3 ஐ.சி.க்கள் முன்பு நன்றாக உலர்ந்திருந்து, வெளியே 12 மணிக்குள் மட்டும் இருந்திருந்தால், 10 சதவீதத்துக்குள் ஐந்து மடங்கு நேரம் வைத்ததும் கடிகாரம் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். காலை எட்டு மணிக்கு எடுத்து மாலை நான்குக்கு வைத்தால் எட்டு மணி. நாற்பது மணி நேரம் தொடாமல் விட வேண்டும். நிலை 4, 5, 5ஏ என்றால் எட்டு மணிக்குள் வெளியே, 5 சதவீதத்துக்குள், பத்து மடங்கு. அடுப்பே இல்லாமல் கிடைக்கும் இந்தச் சலுகையை எங்கள் பக்கம் பலர் அறியவே இல்லை. நிலை 3க்கு ஈரத்தடைப் பையும் கடிகாரத்தை நிறுத்தி வைக்கும். ஆனால் நிலை 4, 5களில் மேற்பரப்பில் ஏறிய ஈரம் பைக்குள் போன பிறகும் உள்நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும் என்பதால் அங்கே வெறுமனே ஒட்டி வைத்து நிம்மதியாக இருக்க முடியாது.

மின்தடை பற்றிப் பயப்பட வேண்டாம். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது முதல் மாலை வரை மின்சாரம் போகும் நாளிலும், கதவைத் திறக்காவிட்டால் ஜியோலைட் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். பயப்பட வேண்டியது நிலைமின்சாரத்துக்கு. 5 சதவீதக் காற்றில் சட்டையைக் கழற்றினாலே பொறி பறக்கும். தட்டுகளும் உடலும் மின்கடத்தும் பூச்சோடு, முறையாக எர்த் செய்தவையாக இருக்க வேண்டும். எடுப்பவர் மணிக்கட்டுப் பட்டை கட்டியிருக்க வேண்டும். ஈரத்திலிருந்து காப்பாற்றி மின்னலுக்குக் கொடுத்த கதையாகிவிடக் கூடாது.

அடுப்பு கடைசி. ஐ.சி.க்களைச் சூடேற்றி உலர்த்தும் பேக்கிங் ஓவன் வாங்கிவிட்டால் எவ்வளவு நமத்தாலும் வறுத்து எடுத்துவிடலாம் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. எண்களைப் பாருங்கள். காலம் கடந்து மூன்று நாளுக்கு மேல் ஆன நிலை 3 ஐ.சி., உடல் தடிமன் 1.4 மி.மீ.க்குள் என்றால், 125 டிகிரியில் ஒன்பது மணி நேரம். ஒரு இரவு, பரவாயில்லை. ஆனால் ரீல் பிளாஸ்டிக். 125 டிகிரியில் உருகி நெளியும். ரீலோடு சேர்த்து உலர்த்த 40 டிகிரி என்றால் 13 நாள், அதுவும் 5 சதவீதத்துக்குள் உள்ள காற்றில். தடிமன் 2 மி.மீ.க்கு மேல் போனால் 125இல் 48 மணி, 40இல் 79 நாள். எழுபத்தொன்பது நாளில் கத்தரிச் செடி நட்டுக் காயே பறித்துவிடலாம், அதுவும் இலவம்பாடி முள்கத்தரிக்காய். ட்ரேயில் வரும் ஐ.சி.க்களுக்கு மட்டும் அடுப்பு ஒத்துவரும், அந்த ட்ரேயின் மேல் தாங்கும் வெப்பம் அச்சிட்டிருந்தால். திரும்பத் திரும்பச் சூடேற்றினால் கால்களில் ஆக்சைடு படிந்து சாலிடர் ஒட்டாது. மொத்தச் சூடேற்ற நேரத்துக்கு விதிமுறையில் வரம்பும் உண்டு. கேக் சுடும் ஓ.டி.ஜி.யை வைத்துக்கொண்டு யாராவது இதைச் சொல்லிக்கொடுத்தால் கைகூப்பி விடைபெறுங்கள். அதில் முள் 125 காட்டும்போது ஒரு மூலையில் 150 இருக்கும்.

அடுப்பையும் ஒதுக்கிவிடவில்லை. மொபைல் ரிப்பேர் செய்யும் தம்பிகளுக்கு அது தேவைதான். பல ஆண்டு வீட்டுக் காற்றைக் குடித்த போர்டின் மேல் நேரே ஹாட் ஏர் அடித்தால் பக்கத்து ஐ.சி. வெடிக்கும். அவர்களுக்குப் பையோ பீரோவோ உதவாது. முன்கூட்டி உலர்த்துவதுதான் வழி. நுனி மட்டும் தொடும் சால்டரிங் அயர்னில் இந்தக் கவலை பெரிதாக இல்லை, முழு உடலும் சூடாவதில்லையே.

ஃப்ரிட்ஜில் வைப்பவர்களும் இருக்கிறார்கள். குளிர்ந்த பொருளை வெளியே எடுத்ததும் மோர்ச் சொம்பின் வெளிப்புறம் போல வியர்க்கும். அரிசி மூட்டையில் புதைப்பது பற்றி நான் எழுதப் போவதில்லை.

மிச்சமிருப்பது, எதையும் வாங்காமல் சரக்கையே குறைவாக வாங்கும் வழி. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவும் பெங்களூரு எஸ்.பி. ரோடும் காலையில் ரயிலேறினால் மாலையில் திரும்பிவிடும் தூரம் என்பதால் வேலூர்க்காரர்களுக்கு இது கவர்ச்சியானது. தேவைக்கு மட்டும் வாங்கு, அன்றே போடு. ஆனால் நூறு, இருநூறு என்று வெட்டித் தரும் டேப்பில் கடிகாரம் எப்போது தொடங்கியது என்று யாருக்குத் தெரியும்? முழு ரீலை அவர்கள் எந்த மாதம் திறந்தார்களோ. நிலை 1 ஐ.சி.க்களுக்கும் ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் வகைகளுக்கும் இந்த வழி போதும். எல்.இ.டி.க்களுக்கு வேண்டவே வேண்டாம். அவற்றின் மேல் இருக்கும் சிலிக்கோன் ஈரத்தைச் சல்லடை போல உள்ளே விடும், பல வகைகள் நிலை 3ஐவிடக் குறைவான நேரமே தாங்கும்.

எங்கள் பட்டறையில் நாளொன்றுக்கு மூன்று வகை ஐ.சி. திறக்கிறோம், எல்லாம் நிலை 3. அதனால் பை, சீலர், அட்டை, 20 லிட்டர் டப்பா ஒன்று. டப்பா அன்றைய வேலைக்கு நடுவே மட்டும், இரவில் எல்லாம் பைக்குள். நாளொன்றுக்கு எட்டு முறைக்கு மேல் திறக்கும் அளவுக்கு ஆர்டர் வந்தால் 5 சதவீத பீரோ வாங்குவேன். 10 சதவீத பீரோவுக்கு மட்டும் பணம் கொடுக்க மாட்டேன். நிலை 5, 5ஏ ஐ.சி.க்களோடு புழங்குபவர் முதல் நாளே பீரோ வாங்கிவிடுவது நல்லது, பையோடு மல்லுக்கட்ட நேரம் இருக்காது. ராணிப்பேட்டை சிப்காட்டில் மூன்று ஷிப்ட் ஓட்டுபவருக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை, அவரிடம் பீரோ ஏற்கெனவே இருக்கும். அதன் கதவு ரப்பர் எப்போது மாற்றியது என்று மட்டும் கேட்பேன்.

ஒவ்வொரு பையிலும் இப்போது ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. திறந்த நேரம், மூடிய நேரம், மிச்ச மணி. லைனில் வேலை செய்யும் குடியாத்தத்துப் பெண் முதல் வாரம் இதைத் திட்டிக்கொண்டே எழுதினாள். மூன்றாம் வாரம் நான் ஒரு பையைத் திறந்து எழுதாமல் வைத்தபோது, ‘சார், 168இல் எத்தனை கழிக்கட்டும்?’ என்று பேனாவை நீட்டினாள். கூலரைப் பொட்டலம் கட்டும் கூடத்துக்கு மாற்றிவிட்டோம். ரீஃப்ளோ அறையில் மே மாதம் வியர்த்து வழிகிறது. ஒன்றரை டன் ஏ.சி.க்கு விலை கேட்டிருக்கிறேன், ஐ.சி.க்காக அல்ல, அங்கே வேலை செய்பவர்களுக்காக.